சித்தி வீட்டுச் சுவரில் ஒரு வரைபடம்

அலுவலகத்தில் அவளுக்குப் 'புள்ளி' என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். குடிநீர் வாரியத்தின் மூன்றாவது மாடியில், மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்கப் பழைய குழாய்த் திருகு ஒன்றை எடையாக வைத்துக்கொண்டு, நகரத்தின் வரைபடத்தில் புள்ளி வைப்பதுதான் அவள் உத்தியோகம். எந்த வீட்டிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று புகார் வருகிறதோ அந்த வீட்டின் மேல் சிவப்புப் புள்ளி. சரிசெய்துவிட்டால் அது பச்சையாகும். புகார், குழாயின் வயது, நீரின் அழுத்தம், தண்ணீர் லாரிகளின் ஓட்டம் எல்லாவற்றையும் கணினியில் போட்டு அலசி, எந்தப் பகுதிக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்று மேலே எழுதி அனுப்புவாள். "நம்ம ஆபீஸ்லயே பெரிய புள்ளி இவங்கதான்" என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளை அறிமுகம் செய்துவைப்பார்கள். பல வருடமாகக் கேட்ட நகைச்சுவைதான். அவள் இன்னும் அதற்குச் சிரிப்பாள், அவ்வளவு நல்ல மனசு.

ஆனால் அவளோடு கடைக்குப் போவது மட்டும் பெரிய சோதனை. கூடையின் மேலாக இருக்கும் தக்காளியை அவள் நம்ப மாட்டாள். அடியில் கைவிட்டு ஒன்று, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று எடுத்துப் பார்த்து, "மாதிரி எடுக்கிறேன்" என்பாள். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். டாக்டர் "உங்க வயசுக்கு இது சராசரிதான்" என்று சொன்னால், "யாரை எல்லாம் சேர்த்து எடுத்த சராசரி டாக்டர்?" என்று கேட்டு அவரைத் திணறடிப்பாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து, தண்ணீர் எப்படி விழுகிறது என்று பார்ப்பாள். அவளுடைய கணவருக்குக் கடைத்தெருவில் ஒரு சின்ன மூக்குக் கண்ணாடிக் கடை. "நான் கண்ணுக்குத்தான் பவர் பாக்குறேன். என் சம்சாரம் ஊருக்கே பவர் பாக்குறா" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

இப்படி யாரையும் எதையும் நம்பாதவள், கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் அவளுடைய சித்தி.

அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் சித்திதான் வளர்த்தாள். சித்தி பள்ளிச் சீருடை தைப்பவள். தையல் மிஷின் ஓடும் சத்தத்தில்தான் புள்ளி வாய்ப்பாடு படித்தாள்; மிஷின் நின்றால் இவளுக்கும் ஏழாம் வாய்ப்பாடு நின்றுவிடும். சித்திக்கு ஒரு விசேஷ குணம். எதைப் பற்றியும் அவள் குறை சொல்லிக் கேட்டவர் இல்லை. பல் டாக்டர் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். வீங்கிய கன்னத்தோடு வந்து, "அதுவும் ஒருநாள் விழத்தானே போகுது" என்றாள். பஸ் நிற்காமல் போனால் "பின்னாடி ஒண்ணு காலியா வரும்" என்பாள். மழை பெய்து தைத்த துணியெல்லாம் நனைந்த அன்றுகூட, "கஞ்சி போட்டது போயிடுச்சு, பிள்ளைங்களுக்கு உறுத்தாம இருக்கும்" என்று அதிலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்தவள். இப்படிப்பட்ட மனுஷியோடு சண்டை போடவே முடியாது. போடாமல் இருக்கவும் முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்தி குடியிருந்த பழைய வீட்டை இடிக்கப்போகிறோம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "எங்களோட வந்து இரு" என்று புள்ளியும் கணவரும் கெஞ்சாத குறை. சித்தி கேட்கவில்லை. நகரத்தின் வடக்கே, மேட்டுத் தெருக்கள் என்று சொல்வார்களே, அங்கே வாடகை மலிவு என்று ஒரு அறை எடுத்துக்கொண்டு மிஷினோடு போய்விட்டாள். "உன் வீட்டு ஹால்ல என் மிஷின வச்சா, உங்க வீட்டுக்காரர் டிவி எப்படிப் பாப்பார்?" என்று ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சித்தியே இறங்கி இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதனால் புள்ளி மேட்டுத் தெருவுக்கு ஏறிப் போனது அபூர்வம்.

இந்த வருடம்தான் புள்ளிக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. வாரியத்திடம் இருக்கும் தண்ணீர் லாரிகள் போதவில்லை. யாருக்கு லாரி, யாருக்கு இல்லை என்பதை இதுவரை யாருடைய குரல் பலமோ அவர்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளருக்கு அது பிடிக்கவில்லை. நேர்மையான மனிதர், முன்கோபி. "சிபாரிசும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். தரவு என்ன சொல்லுதோ அதைச் செய்வோம். போட்டுக் குடும்மா" என்று அந்தப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை வருடமாக அவள் இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்!

சாப்பாடு, தூக்கம் மறந்து உழைத்தாள். வரைபடம் தயாரானபோது அதைப் பார்த்து அவளே கொஞ்ச நேரம் ரசித்தாள். ஏரிக்கரையின் புதுக் குடியிருப்பில் சிவப்பு அம்மை போட்டதுபோலப் புள்ளிகள். பழைய கடைத்தெருவில் ஆங்காங்கே. மேட்டுத் தெருக்களில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. அங்கே வீட்டுக் குழாய்கள் கிடையாது. தெருமுனைக் குழாய்களும் லாரியும்தான். அப்படியும் புகாரே இல்லை என்றால், லாரித் தண்ணீர் அங்கே தேவைக்கு மேலேயே போகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். மேட்டுத் தெருவுக்கு ஓடும் லாரிகளைக் கோடை முழுக்க ஏரிக்கரைக்குத் திருப்பிவிடலாம் என்று பரிந்துரை எழுதினாள்.

எழுதுவதற்கு முன் நேரில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அவள் விசாரித்தாள். எப்படி என்றால், சித்திக்குப் போன் போட்டாள்.

"சித்தி, அங்க தண்ணியெல்லாம் எப்படி?"

"எனக்கென்னடி குறை? மகாராணி மாதிரி இருக்கேன்."

'பகுதிவாசிகளிடம் விசாரித்ததில் குறை ஏதும் இல்லை' என்று அறிக்கையில் சேர்த்தாள். தக்காளிக் கூடையில் மூன்று இடத்தில் கைவிட்டுப் பார்க்கிறவள், ஒரு பேட்டைக்கே ஒற்றைச் சித்தியை மாதிரியாக எடுத்துக்கொண்டாள். அதுவும் உலகத்திலேயே குறை சொல்லத் தெரியாத ஒருத்தியை! பாசம் வந்து கண்ணை மறைத்தால் படித்த படிப்பு எந்த மூலைக்குக் காணும்?

தலைமைப் பொறியாளர் வரைபடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அந்த மாதக் கடைசிப் புதன்கிழமை வாரியக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்குவது, அதன் பிறகு வெளியூரில் நடக்கும் பெரிய மாநாட்டில் அவள் போய் இதைப் பற்றிப் பேசுவது, திரும்பி வந்ததும் புதிதாகத் தொடங்கும் ஆய்வுப் பிரிவுக்கு அவளையே தலைவியாக்குவது என்று ஏற்பாடு. வரைபடத்தைப் பெரிய காகிதத்தில் அச்சடித்து அவளுக்கே ஒரு பிரதி கொடுத்தார். அவள் அதைச் சுருட்டிக் கொண்டுபோய், அடுத்த ஞாயிறு வந்த சித்தியிடம் கொடுத்தாள். சித்தி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் முதலில் மடியில் வைத்துத் தடவினாள். பிறகுதான் பிரித்தாள்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு சித்தி வரவில்லை. முழங்கால் வலி. கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ளப் புதுக் கோட்டு ஒன்று வாங்கி, அது தோளில் தொங்கிக்கொண்டிருந்ததால், அதைப் பிடித்துத் தைக்கவும் சித்தியைப் பார்க்கவுமாகச் சேர்த்துப் புள்ளியே மதியம் மேட்டுத் தெருவுக்கு ஏறினாள்.

கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் அவளுடைய வரைபடம். தையல் மிஷினுக்கு நேர் மேலே, உட்கார்ந்து தைக்கும்போது நிமிர்ந்தால் தெரிகிற இடத்தில் ஒட்டியிருந்தாள் சித்தி. புள்ளி கிட்டே போனாள். அப்போதுதான் கவனித்தாள், மேட்டுத் தெருக்கள் இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. சிவப்புத் தலை வைத்த தையல் குண்டூசிகள். நெருக்கமாக, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு, ஊசி குத்த இடமில்லாத அளவுக்கு.

"என்ன சித்தி இது?"

"அதுவா? நம்ம வீடு எங்க இருக்குன்னே தெரியலடி, எல்லாம் வெள்ளையா கெடந்துச்சு. அடையாளத்துக்கு ஒரு ஊசி குத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து 'எங்க வீடு எங்க'ன்னா. அவளுக்கு ஒண்ணு. அவ போய் அவ நாத்தனாரக் கூட்டிட்டு வந்தா. தெருவே வந்துருச்சு போ. எங்க வீட்டுப் பொண்ணு வரைஞ்சதுன்னு சொன்னதும் ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டக் குத்திட்டுப் போனாங்க. என் டப்பா ஊசியே தீந்துபோச்சு."

சித்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். புள்ளி சிரிக்கவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏரிக்கரையில் இதில் பாதி வீடுகூட இல்லை. அங்கே தோட்டத்துக் குழாயில் வேகம் குறைந்தால்கூடப் போனை எடுத்துவிடுவார்கள். இங்கே இத்தனை வீடு. ஒரு வருடமாக ஒரே ஒரு புகார்கூட இல்லை. ஊரில் குறை சொல்லத் தெரியாத சித்தி ஒருத்தி இருப்பாள், இரண்டு பேர்கூட இருக்கலாம். ஒரு பேட்டை முழுக்கவுமா சித்திகளாகவே இருப்பார்கள்?

"கை கழுவிட்டு வர்றேன்" என்று பின்பக்கம் போகத் திரும்பினாள்.

"இரு இரு, நான் ஊத்துறேன்" என்று சித்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு முந்திக்கொண்டாள். ஒரு குவளையில் கொஞ்சமாக எடுத்து, நூல் பிடித்ததுபோல ஊற்றினாள். கீழே ஒரு பேசின். கை கழுவிய தண்ணீர் அதில் விழுந்ததும் பேசினை அப்படியே எடுத்து ஓரமாக வைத்தாள். தரை துடைக்க ஆகுமாம்.

புள்ளி குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். வாளிகள். துணி வெட்டும் மேசைக்கு அடியில் பெயிண்ட் டப்பாக்கள், பாட்டில்கள், ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம். எல்லாம் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் சீருடைத் துணியின் வெட்டுத் துண்டில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த மூடி. நீல மூடி குடிக்க, சாம்பல் மூடி சமையலுக்கு, கட்டம் போட்டது குளிக்க. தைத்திருந்த நேர்த்தியைப் பார்த்தால் யாருக்கும் மெச்சத்தான் தோன்றும். புள்ளி மூடிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"லாரி எப்ப வரும் சித்தி?"

"வரும் வரும்."

"எப்பன்னு கேட்டேன்."

"ஒருநாள் விட்டு ஒருநாள்னு கணக்கு. சில வாரம் வராது. அதனால என்ன, வந்தா எல்லாருமா பிரிச்சுக்குவோம். ஒருத்தருக்கு இல்லன்னா ஒருத்தர் குடுத்துக்குவோம்."

"தெருமுனைக் குழாய்ல?"

"அது அது இஷ்டத்துக்குக் கொஞ்சம் சொட்டும்."

"அப்புறம் ஏன் யாருமே போன் பண்ணல? புகார் நம்பர் சுவர்ல எல்லாம் எழுதியிருக்கே!"

சித்தி கோட்டைக் கையில் எடுத்து மடிப்பை ஆராய்ந்தாள். "பண்ணேன்டி. போன வருஷமே பண்ணேன். இணைப்பு எண் என்னன்னு கேட்டாங்க. இங்க யார் வீட்டுலயும் குழாயே கெடையாது, எண் எங்க இருந்து வரும்? போன் எடுத்த பொண்ணு மேல தப்பில்ல, பாவம். நம்பர் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதுன்னா. சரின்னு வச்சுட்டேன். தெருவுல எல்லாரும் ஒரொரு தடவ பண்ணிப் பாத்தாங்க. அப்புறம் விட்டுட்டாங்க."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" புள்ளியின் குரல் உயர்ந்துவிட்டது. "நான் போன்லயே கேட்டேனே! மகாராணின்னு சொன்னியே! நீ சொன்னத வச்சுத்தானே நான் எழுதினேன்?"

"வாரத்துல ஒருநாள் உன் மூஞ்சியப் பாக்குறேன். அன்னைக்கும் உன் ஆபீஸப் பத்தி உன்கிட்டயே குறை சொல்லச் சொல்றியா?" சித்திக்கும் கோபம் வந்தது. வந்தே விட்டது. "நீ அங்க வேல பாக்குறன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அவங்க யாராவது ஒருத்தராவது உன்கிட்ட சிபாரிசுக்கு வந்திருப்பாங்களா? நான்தான் வேண்டாம்னேன். பிள்ளைக்குச் சங்கடமாயிடும்னு."

புள்ளி மிஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். லாரிகளைப் பற்றியும் புதன்கிழமை கூட்டத்தைப் பற்றியும் சொன்னாள். மென்று விழுங்கித்தான் சொன்னாள். சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்வை சுவரிலிருந்த வரைபடத்துக்குப் போய்த் திரும்பியது.

"அப்போ லாரி வராதா?"

புள்ளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, எழுந்திரு. கையத் தூக்கு. தோளப் பிடிக்கணும்" என்று சித்தி கோட்டை மாட்டிவிட்டாள். ஊசி டப்பா காலி. வரைபடத்துக்குப் போய், தன் வீட்டு ஊசியைத் தவிர மற்றதில் நாலைந்தைப் பிடுங்கி வந்து தோளில் குத்தி அளவு பார்த்தாள். வளர்த்த பிள்ளை என்ன தப்பு செய்திருந்தாலும் கோட்டு தொங்கக் கூடாது, அவ்வளவுதான் சித்திக்கு.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பாத்திரம் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூட்டம் முடியட்டும், அப்புறம் சத்தமில்லாம திருத்திடலாம்னு ஒரு மனசு சொல்லுதுங்க" என்றாள். மாநாடு, புதுப் பிரிவு, தனி அறை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. அவளும் மனுஷிதானே!

"என் கடையில தப்பான பவர்ல கண்ணாடி குடுத்துட்டா, தலவலியோட திரும்பி வந்து என்னைத் திட்டுவாங்க. நான் மாத்திக் குடுப்பேன்" என்றார் அவர். "உங்க ஆபீஸ்ல திட்ட வர்றவங்களையே நம்பர் கேட்டுத் திருப்பி அனுப்பிடுறீங்க. அப்புறம் யார் வந்து உனக்குச் சொல்லுவா?"

சொல்லிவிட்டு அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.

திங்கள்கிழமை முதல் வேலையாகத் தன் மூலத் தரவைத் திறந்தாள். மேட்டுத் தெருக்களுக்கான புகார்க் கட்டங்கள் காலியாக இருந்தன. பூஜ்யம் இல்லை, காலி. காலிக் கட்டம் இருந்தால் அவளுடைய மென்பொருள் மக்கர் பண்ணும், பாதியில் நின்றுவிடும். அதனால் காலி இருக்கும் இடத்திலெல்லாம் பூஜ்யம் போடு என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள், போகிற போக்கில். அந்த ஒரு வரி போதும். பூஜ்யம் என்றால் விசாரித்தோம், குறை இல்லை என்று அர்த்தம். காலி என்றால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் எடுக்கும் பாடம் இது. அவளே போய் அதில் விழுந்திருந்தாள். பல் டாக்டர் கதைதான் நினைவுக்கு வந்தது. வலிக்கிற இடம் ஒன்று, இவள் பிடுங்கப் பார்த்தது வேறு ஒன்று.

கீழே முதல் மாடியில் புகார் போன் எடுக்கும் பெண்ணுக்கு 'ஹலோ' என்று பட்டப்பெயர். வீட்டில் கணவர் கூப்பிட்டால்கூட ஹலோ என்றுதான் ஆரம்பிப்பாளாம். புள்ளி அவளிடம் போய், "நம்பர் இல்லாம வர்ற போனெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"பதிவாகாது அக்கா. புகார்ப் பக்கத்துக்கே போகாது."

"பேசினது?"

"பேசினது மட்டும் மிஷின்ல இருக்கும். எல்லா அழைப்பும் ரெக்கார்டு ஆகுமே. யாரும் கேக்க மாட்டாங்க, அதான்."

கேட்டார்கள். மதிய இடைவேளையில், மாலையில், ஆளுக்கு ஒரு காதில் ஒரே இயர்போன் கம்பியை மாட்டிக்கொண்டு, பதிவாகாமல் முடிந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எண்ணைச் சொல்லத் தெரியாதவர்கள் எல்லோரும் தெருவின் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். தெருவின் பெயர் வந்ததும் புள்ளி வரைபடத்தில் ஒரு சிவப்பு வைப்பாள். பாதிக்கு மேல் மேட்டுத் தெருக்கள். கைக்குழந்தை அழுகிற சத்தத்தோடு ஒருத்தி. வேலைக்குப் போக வேண்டும், லாரிக்காகக் காத்திருக்க முடியாது, எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று ஒருவர். எல்லா அழைப்பின் முடிவிலும் ஹலோவின் குரல், தேன் மாதிரி: "எண் இல்லாம பதிய முடியாதுங்க, மன்னிக்கணும்."

ஹலோ கம்பியைக் கழற்றிவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "நான் மரியாதையாத்தானே அக்கா பேசியிருக்கேன்?"

"ரொம்ப மரியாதையாத்தான் பேசியிருக்கே" என்று புள்ளி அவள் முதுகைத் தடவினாள். "உன் மேல தப்பில்ல. வா, மிச்சத்தையும் கேட்டுருவோம்."

மிச்சத்தில்தான் சித்தி இருந்தாள்.

புதன்கிழமை கூட்ட அறையில் நீள மேசை. தலைமைப் பொறியாளர் நடுநாயகமாக உட்கார்ந்து, "நம்ம வாரியத்துல முதல் தடவையா தரவு பேசப்போகுது" என்று முன்னுரை கொடுத்து அவளைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். கோட்டு தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சித்தி எடுக்க மறந்த ஊசி ஒன்று முழங்கைக்கு மேலே சுருக்கென்று குத்தியது.

"சார், நான் குடுத்த வரைபடம் தப்பு" என்றாள்.

அறையில் ஒரு பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அவள் முந்தின நாள் இரவு சித்தி வீட்டிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்திருந்த வரைபடத்தை ஊசிகளோடு மேசையில் விரித்தாள். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக மாற்றிய கதையைச் சொன்னாள். போனில் ஒரே ஒருவரை விசாரித்துவிட்டுப் 'பகுதிவாசிகள்' என்று எழுதியதையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை.

தலைமைப் பொறியாளர் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா விளையாடுறியா? லாரி கூடுதலாப் போகுதுன்னு எழுதினது யாரு? இப்ப ஊசியக் குத்திக் கொண்டுவந்து காட்டினா அது தரவாயிடுமா?"

"ஆகாது சார். அதனாலதான் இதையும் கொண்டுவந்தேன்." பதிவாகாத அழைப்புகளை வைத்துப் போட்ட புது வரைபடத்தைத் திரையில் காட்டினாள். வெள்ளையாக இருந்த மேடு இப்போது ஏரிக்கரையைவிடச் சிவப்பாக இருந்தது. "ஏரிக்கரையில இருக்கிறவங்க சொல்றதும் பொய் இல்ல சார். ஆனா புகார் சொல்ல ஒரு எண் வேணும். எண் வேணும்னா வீட்டுக்குக் குழாய் வேணும். அப்படின்னா குழாய் இருக்கிறவங்க மட்டும்தான் தண்ணி இல்லன்னு நம்மகிட்ட சொல்ல முடியும். குழாயே இல்லாதவங்க சொன்னா நம்ம மிஷின் வாங்கிக்காது. அதைத் தரவுன்னு நம்பி அவங்க லாரியையும் எடுத்து இவங்களுக்குக் குடுக்க இருந்தேன்."

பிறகு அவள் ஒரே ஒரு அழைப்பை மட்டும் போட்டாள். அறையில் ஒரு வயதான பெண்ணின் குரல் கேட்டது. பின்னால் தையல் மிஷின் ஓடி நின்றது.

"ஹலோ, மேட்டுத் தெருவுல இருந்து பேசுறேம்மா. தண்ணி வந்து அஞ்சாறு நாளாச்சு... எண்ணா? எண்ணெல்லாம் இல்லையேம்மா... ஓ, அப்படியா. எங்க வீட்டுப் பொண்ணு உங்க ஆபீஸ்லதான் இருக்கா. அவ பேரச் சொல்லி நான் கேக்கக் கூடாது, அது முறையில்ல... பரவாயில்லம்மா, உனக்கு வேலை இருக்கும். வச்சுடுறேன்."

"யார் வீட்டுப் பொண்ணு?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"நான்தான் சார். அது என் சித்தி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிபாரிசு வேண்டாம் என்று அவர்தானே சொன்னார்! அந்தச் சொல்லை அந்த அறையில் இருந்த யாரையும்விடக் கறாராகக் காப்பாற்றியவள் மேட்டுத் தெருவில் உட்கார்ந்து சீருடை தைத்துக்கொண்டிருக்கிறாள். "அந்த எண் கட்டத்தக் கட்டாயம்னு யாரு வச்சது?" என்று சுற்றிலும் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. ரொம்ப நாளாக அப்படித்தான் இருக்கிறது என்றார்கள்.

லாரிகள் மேட்டிலேயே ஓடும், ஓட்டம் இனி ஒழுங்காகக் கண்காணிக்கப்படும் என்று முடிவானது. எண் இல்லாவிட்டாலும் தெருவின் பெயரைச் சொல்லிப் புகார் பதியலாம். வீட்டுக் குழாய் போடுவதற்கு அளவெடுக்கவும் உத்தரவானது. அது எப்போது நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது, அளவெடுப்பு என்பது ஒரு பெரிய சமுத்திரம். மாநாடு அவளுக்குக் கிடைக்கவில்லை. புதுப் பிரிவை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். "இந்த வரைபடத்த வச்சுக்கிட்டு வெளியூர்ல எப்படிம்மா பேசுறது?" என்று தலைமைப் பொறியாளர் வருத்தத்தோடுதான் சொன்னார். அவளுக்கும் வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் அது பொய். அன்று சாயங்காலம் கணவரின் கடையில் போய் உட்கார்ந்து, கண் பரிசோதனை அட்டையின் பெரிய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவர் கடையைச் சீக்கிரமாகவே மூடினார்.

புதிய ஏற்பாடு தொடங்கிய அன்று காலை, கீழேயிருந்து ஹலோ மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, மேட்டுத் தெருவுல இருந்து முதல் புகார்! பதிஞ்சாச்சு, திரையப் பாருங்க."

புள்ளி பார்த்தாள். புதுப் பதிவு என்பதால் இன்னும் வெள்ளையாகக் கிடந்த மேட்டில் ஒரே ஒரு சிவப்பு. எந்த வீடு என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? "என்ன புகார்?" என்று கேட்டாள்.

"லாரிக்காரர் ஹாரன் அடிச்சு அடிச்சு காது போகுதாம்" என்று ஹலோ சிரித்தாள். "அரை மணி நேரம் திட்டினாங்க அக்கா. வாழ்க்கையில சேத்து வச்சதெல்லாம் போல."

சிவப்புப் புள்ளி வந்தால் புள்ளிக்கு எப்போதும் மனசு கனக்கும். அன்று அவள் அந்தச் சிவப்பை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சித்தி.

"ஏன்டி, நான் சொன்னது அங்க வந்துச்சா?"

"வந்துருச்சு சித்தி. பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"நம்ம வீடு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அப்படின்னா என் வரைபடத்தத் திருப்பிக் கொண்டாந்து குடு, சுவர் மொட்டையா கெடக்கு. ஊசி ஒண்ணும் தொலைச்சிடாத" என்றாள் சித்தி. "சரி, சாப்பிட்டியா?"